மருதாணிக்கு அடியில்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் செக்கிங் மேஜையில் நிற்கிறவளுக்கு ரத்தக் குழாயைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நாள் முழுக்க அதைத்தான் பார்க்கிறோம். ஷூவின் மேல்பாகத்துக்காக வெட்டி வருகிற தோலில் சில சமயம் கிளை கிளையாகக் கோடு தெரியும். ஆடு உயிரோடு இருந்தபோது ரத்தம் ஓடின வழி அது. கம்பெனியில் அதற்கு வெயின் என்று பேர். அந்தத் தோல் சுண்ணாம்பில் ஊறியிருக்கும், டிரம்மில் உருண்டிருக்கும், சாயம் குடித்திருக்கும், மேலே ஸ்பிரே அடித்துப் பளபளவென்று ஆக்கியிருப்பார்கள். அத்தனைக்கும் பிறகு என் மேஜைக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினால், அந்தக் கோடு அங்கேயே இருக்கும்.

கோடு தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் தள்ளிவிடுவேன். சரிசெய்ய முடிந்தால் சரிசெய்து, அம்பை உரித்துவிட்டு லைனுக்கு அனுப்புவார்கள். முடியாவிட்டால் ரிஜெக்ட். என் கண்ணுக்குத் தப்பின பீஸ் கிடையாது. கூட வேலை செய்கிற பெண்கள் எனக்குக் கழுகு என்று பேர் வைத்திருக்கிறார்கள். அதில் எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

மிச்சமாகிற ஸ்டிக்கர் ஷீட்டுகள் வீட்டுக்கு வரும். என் மகள் அதை வைத்துக்கொண்டு வீட்டையே செக்கிங் மேஜை ஆக்கிவிட்டாள். தீய்ந்த தோசைக்கு ஒரு அம்பு. பட்டன் அறுந்த சட்டைக்கு ஒரு அம்பு. என் நெற்றியோரத்து நரைமுடிக்கு ஒரு அம்பு. "டாமேஜ், டாமேஜ்" என்று கத்திக்கொண்டு ஒட்டுவாள். அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை வைத்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வலது கண்ணை மூடிக்கொண்டு படிக்கச் சொன்னால் பெரிய எழுத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லையாம். டீச்சர் போன் செய்து சொன்னார். அன்று சாயங்காலம் அவளை வாசலில் நிறுத்தி நாங்கள் இருவரும் பார்த்தோம். கண் சிவக்கவில்லை. பீளை இல்லை. வலி இல்லை. என் வீட்டுக்காரர் தோல் பதனிடும் தொழிற்சாலையில் சாயம் ஏற்றுகிற டிரம்மில் வேலை பார்க்கிறவர், நிறத்தைப் பார்த்தே குறை சொல்லுகிற ஆள். இமையை விரலால் விரித்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

"பாலு மாதிரி வெள்ளையா இருக்குது. இதுல இன்னா நோவு இருக்கும்?" என்றார்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். கண் டாக்டர் மெஷினில் அவள் தாடையை வைக்கச் சொல்லி ரொம்ப நேரம் பார்த்தார். எனக்கு அந்த நேரம் பிடிக்கவே இல்லை. நானும் சந்தேகமான பீஸைத்தான் ரொம்ப நேரம் பார்ப்பேன்.

"கண்ணுக்கு உள்ள வீக்கம்மா. வெளிய ஒண்ணும் தெரியாது. சில குழந்தைங்களுக்கு இப்படித்தான் சத்தமே இல்லாம வரும்."

"எதுனால சார்? டிவி ஜாஸ்தி பாக்குறதாலயா?"

"இல்ல."

"நான் கம்பெனிலேர்ந்து பசை வாசனையோட வர்றேனே, அதுவா?"

"இல்லம்மா. உடம்பைக் காப்பாத்துறதுக்குன்னு உள்ள ஒரு காவல் இருக்கு. அது ஆள் தெரியாம சொந்த வீட்டையே அடிக்குது. ஏன் அப்படின்னு எங்களுக்கே முழுசாத் தெரியாது."

தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றுதான் கேட்டேன். பயமாகவும் இருந்தது, அந்த மனிதர் மேல் ஒரு நம்பிக்கையும் வந்தது. இரண்டும் எப்படி ஒன்றாக வரும் என்று கேட்காதீர்கள், வந்தது.

திரும்பும்போது பஸ் பள்ளிகொண்டாவைத் தாண்டியிருக்கும். மகள் பென்சில் டப்பாவைத் திறந்து ஒரு அம்பு ஸ்டிக்கரை எடுத்தாள். இடது கன்னத்தில், கூர் மேலே கண்ணைப் பார்க்கிற மாதிரி ஒட்டிக்கொண்டாள்.

"இன்னாடி இது?"

"டாமேஜ் இங்கதான்னு தெரியணும் இல்ல? அவங்க மாத்தி அந்தக் கண்ணுல மருந்து ஊத்திட்டா?"

என் வாய்க்கு லைனில் எல்லோரும் பயப்படுவார்கள். அன்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாலே தலை வாரி, பொட்டு வைத்து, கடைசியாக அந்த அம்பையும் ஒட்டிக்கொண்டுதான் வருவாள். மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கன்னம் உப்பிப்போனதால் அம்பு ஒட்ட நல்ல இடம் இருந்தது.

சொட்டு மருந்தும் மாத்திரையும் கொஞ்ச காலம் போனபின் டாக்டர் ஒரு டெஸ்ட் எழுதினார். கையில் மஞ்சள் மருந்தை ஊசியாகப் போட்டு, அது கண்ணுக்குள் ஓடுவதைப் படம் பிடிப்பார்கள். மகள் மெஷினில் தலையை வைத்துக்கொள்ள, நான் பின்னாலிருந்து அவள் தலையைப் பிடித்துக்கொண்டேன். கம்ப்யூட்டர் திரை எனக்கு நேராகத் தெரிந்தது. கறுப்பாக, ஒன்றுமில்லாமல் இருந்தது. நர்ஸ் ஊசி போட்டார். மகள் மூச்சை நான்கைந்து தடவை இழுத்து விட்டிருப்பாள். அவ்வளவுதான்.

நடுவில் ஒரு பொட்டு வெளிச்சம் வந்தது. அதிலிருந்து ஒரு கோடு மேலே போனது, ஒன்று கீழே இறங்கியது. ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரிந்து, அந்த இரண்டும் மறுபடி பிரிந்து, திரை முழுக்க வெள்ளிக் கம்பியால் இழைத்த மாதிரி ஒரு மரம் என் கண்ணெதிரே முளைத்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் பத்து மாதம் சுமந்து பெற்ற பிள்ளை. குளிப்பாட்டி, பேன் எடுத்து, நகம் வெட்டி, அவள் உடம்பில் எனக்குத் தெரியாத இடம் இல்லை என்று நினைத்திருந்தேன். இந்த மரம் எனக்குத் தெரியாதே! இது எப்போது வளர்ந்தது? யார் நட்டார்கள்? கை நரம்பில் போட்ட மருந்துக்கு இந்த இடத்துக்கு வழி சொன்னது யார்?

அப்படி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தவள்தான், கழுகு புத்தி விடுமா? ஓரத்தில் மெல்லிய கிளைகள் இருக்கிற இடத்தில் வெளிச்சம் கோட்டுக்குள் நிற்காமல் ஊறுவதைப் பார்த்துவிட்டேன். சாயம் வழிந்த துணி மாதிரி மங்கலாகப் பரவியது. டாக்டர் வாய் திறக்கும் முன்பே மனசுக்குள் அங்கே ஒரு அம்பு ஒட்டிவிட்டேன்.

"பாத்தீங்களா, இங்க கசியுது" என்றார் அவர். "சின்னக் குழாய்ங்களோட சுவரு வீங்கியிருக்கு. இப்போ நமக்குத் தெரிய வேண்டியது ஒண்ணுதான். இது கண்ணோட நிக்குதா, இல்ல உடம்புல இருக்குற எல்லாச் சின்னக் குழாயிலயும் இருக்குதா? கண்ணோட நின்னா அதுக்கு ஒரு வைத்தியம். உடம்பெல்லாம்னா கிட்னி, நுரையீரல்னு எல்லாத்தையும் பாத்துக்கணும். அது வேற பாதை."

"எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?"

"ரத்தம், சிறுநீர் டெஸ்ட் எடுப்போம். அப்புறம் குழந்தைங்களுக்கு மூட்டு, ரத்தக் குழாய் நோவெல்லாம் பாக்குற மேடம் ஒருத்தங்க இருக்காங்க. அடுத்த வாரம் போங்க. அவங்க நகத்தைப் பாப்பாங்க."

நகத்தையா என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒன்றாகக் கேட்டோம். அந்த ஊசி மருந்தில் அன்று சாயங்காலம் மகள் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தாள். சிறுநீர் மாம்பழச் சாறு நிறத்தில் போனதைப் பார்த்து அவளே கைதட்டிச் சிரித்தாள். நானும் அவரும் சமையலறையில் கிசுகிசுத்தோம். கிட்னி, நுரையீரல் என்ற வார்த்தைகளை அவள் காதில் விழாமல் பேசினோம், அப்படித்தான் நினைத்தோம்.

இனிதான் என் வீட்டுக்காரரின் திருவிளையாடல். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்போர்ட் ஆர்டர் என்று எனக்கு வேலை வைத்துவிட்டார்கள். மறுநாள் வேலூர் போக வேண்டும். ஆடி மாதம். பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்காவை நாங்கள் ஆபா என்று கூப்பிடுவோம், அவர்கள் வாசலில் மருதாணி மரம் தழைத்து நின்றது. மருதாணி வைத்தால் உடம்புச் சூடு இறங்கும், கண்ணுக்குக் குளிர்ச்சி என்று எங்கள் பக்கத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். இந்த மனிதர் யோசித்திருக்கிறார். கண்ணுக்கும் குளிர்ச்சி. டாக்டரம்மா நகத்தைப் பார்ப்பார்களாம், கை பார்க்க லட்சணமாக இருந்தால் அவர்களுக்கும் மரியாதை.

நான் வீட்டுக்கு வந்தபோது மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். பத்து விரலுக்கும் தொப்பி போட்டு, அதற்குமேல் பிளாஸ்டிக் கவரைச் சுற்றி நூலால் கட்டியிருந்தது. கால் விரல்களையும் விடவில்லை.

"சும்மா இலையை அரைச்சு வெச்சா கலரு நிக்காதும்மே" என்று அவர் எனக்கு விளக்கம் வேறு சொன்னார். "சாயம் ஏத்துறது பெருசு இல்ல, இறங்காம பிடிச்சு வெக்கறதுதான் வேலை. டிரம்முல கடைசியா அதுக்குத்தான் ஆசிட்டு ஊத்துறோம். இங்க ஆசிட்டுக்குப் பதிலா எலுமிச்சம்பழம். கொட்டைப்பாக்கு, லவங்கம், டீத்தண்ணி எல்லாம் போட்டிருக்கேன். நான் ஏத்துன கலரு இறங்காது, பாரு."

காலையில் கட்டைப் பிரித்தால் கருஞ்சிவப்பாக ஏறியிருந்தது. பொய் சொல்லக் கூடாது, அவ்வளவு அழகான மருதாணியை நான் பார்த்ததில்லை. ஆபா கூட வந்து பார்த்துவிட்டு, "கல்யாணப் பொண்ணுக்கே இவ்ளோ ஏறாது" என்று அவள் கையை முத்தமிட்டுவிட்டுப் போனார்கள்.

டாக்டரம்மா அறையில் ஒரு கம்ப்யூட்டர், பக்கத்தில் பேனா மாதிரி ஒரு கேமரா. மகளின் விரலைப் பிடித்து, நகம் தோலில் புதைகிற இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டார். எனக்கும் சேர்த்து விளக்கினார். உடம்பில் மற்ற இடத்தில் சின்னக் குழாய்கள் தோலுக்குள் செங்குத்தாக நிற்கும், மேலிருந்து பார்த்தால் புள்ளிதான் தெரியும். நகத்தின் வேரோரத்தில் மட்டும் அவை படுத்திருக்கும், முழுசாகப் பார்க்கலாம். கத்தி வேண்டாம், ஊசி வேண்டாம். சொல்லிக்கொண்டே கேமராவை விரலில் வைத்தார்.

திரையில் துருப்பிடித்த தகரம் தெரிந்தது.

அடுத்த விரல். அதே துரு. அடுத்தது. அதுவும். டாக்டரம்மா மகளின் கையைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். அப்போதுதான் அவருக்கும் புரிந்தது, எனக்கும் புரிந்தது.

"கால் விரல் பாக்கலாமா?" என்றார்.

செருப்பைக் கழற்றினால் அங்கேயும் கருஞ்சிவப்பு.

"யாரு பாப்பா வெச்சது?"

"நைனா" என்று மகள் விரலை நீட்டிக் காட்டினாள். நைனா சுவரோடு சுவராக ஒட்டி நின்றார்.

"சார், கலரு சூப்பர். ஆனா எனக்கு உள்ள ஒண்ணுமே தெரியல" என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

எனக்கு எங்கே சிரிப்பு வரும்? "யோவ், பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிச்சிட்டியே!" என்று ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்திவிட்டேன். கிட்னியா, நுரையீரலா, கண்ணோடு நின்றதா என்று ஒரு வாரமாகத் தூங்காமல் வந்திருக்கிறேன். பதில் அந்தச் சிவப்புக்கு அடியில் இருக்கிறது. இவர் அதன்மேல் எலுமிச்சம்பழம் பிழிந்து மூடி வைத்திருக்கிறார்.

"விடுங்கம்மா. தோலு தானா உரிஞ்சு புதுசு வரும், சாயம் அதோட போயிடும். அப்போ வாங்க. கொஞ்சம் தள்ளிப்போறதால ஆபத்து இல்ல, மருந்தை மட்டும் நிறுத்தாதீங்க" என்றார். நான் கத்தினதில் மகள் மிரண்டு போயிருந்ததைக் கவனித்துவிட்டு, "பாப்பா, இங்க வா. அம்மா விரலுக்குள்ள இன்னா இருக்குதுன்னு பாப்போமா?" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

என் விரலா? காய்ச்சுப்போன விரல். நகத்தோரம் சிலும்பு. கொடுக்கவே கூச்சமாக இருந்தது. எண்ணெய் விட்டுக் கேமராவை வைத்தார்.

வரிசையாகக் கொண்டை ஊசிகள். இளஞ்சிவப்புத் தரையில், பக்கத்தில் பக்கத்தில், எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நட்டுவைத்த மாதிரி. ஒவ்வொன்றும் ஒரு பக்கம் ஏறி, வளைந்து, மறு பக்கம் இறங்குகிறது. படம் என்றுதான் நினைத்தேன். பிறகு அதற்குள் ஏதோ அசைந்தது. பொடிப் பொடியாக மணிகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஏறி வளைந்து இறங்கிப் போய்க்கொண்டே இருந்தன.

"ஓடுதே மேடம்!"

"ஓடிட்டுத்தான் இருக்கும்மா. நீங்க பொறக்கறதுக்கு முன்னாடியிலேர்ந்து."

இத்தனை வருஷமாக மேஜையில் நான் பார்த்தது பாலாறு. வழி இருக்கும், தண்ணீர் இருக்காது. ஓடுகிறதை அன்றுதான் பார்த்தேன், அதுவும் என் விரலிலேயே. நான் பீஸைத் திருப்பும்போதும், வெங்காயம் நறுக்கும்போதும், இந்த மனிதரை நோக்கி விரலை ஆட்டித் திட்டும்போதும் அது பாட்டுக்கு ஓடியிருக்கிறது. ஒரு நாள் லீவு கேட்டதில்லை. கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது, ஒரு கை டாக்டரிடம் மாட்டிக்கொண்டிருந்தது.

ஆனால் நான் பார்க்க வந்தது என்னுடையதை இல்லை. பஸ் ஏறினதிலிருந்து ஆம்பூர் வரைக்கும் அவரோடு பேசவில்லை.

வீட்டில் அவர் மருதாணியோடு யுத்தம் நடத்தினார். தேங்காய் எண்ணெய் தடவினார். பல் விளக்குகிற பேஸ்ட் வைத்துத் தேய்த்தார். வெந்நீரில் உப்புப் போட்டு ஊற வைத்தார். அவர் ஏற்றின கலர் ஆயிற்றே, அசையவில்லை. ஒரு நாள் வேலை முடிந்து வரும்போது சின்ன பாட்டிலில் ஏதோ வெள்ளையாகக் கொண்டுவந்து மகளைக் குழாயடிக்குக் கூப்பிட்டார். மூடியைத் திறந்ததுமே வாசனை எனக்குப் பிடிபட்டுவிட்டது. தொழிற்சாலையில் தோலிலிருந்து நிறத்தை இறக்குகிற மருந்து.

"யோவ்! கொழந்தை வெரலு இன்னா ஆட்டுத் தோலா?"

பாட்டிலைப் பிடுங்கிச் சாக்கடையில் ஊற்றினேன். திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அவர் குழாயடிக் கல்லில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"எறங்காதுன்னு நானே பீத்திக்கினேனேம்மே" என்றார். "எறங்கலன்னா இன்னா பண்றது? உள்ள இன்னா ஓடுதுன்னு தெரியாமலே போயிட்டா?"

வைத்திருந்த வசவெல்லாம் எங்கே போயிற்றோ. பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அதே பயம்தான். அவருக்கு அதைத் தேய்க்க ஒரு மருதாணி இருந்தது, எனக்கு அதுவும் இல்லை.

அதற்குப் பிறகு தேய்க்கவில்லை. காத்திருந்தோம். தினமும் காலையில் பள்ளிக்கூடம் போகும் முன் அவளை ஜன்னலோரம் நிறுத்தி விரல்களை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் தோலின் மடிப்பில் மட்டும் கொஞ்சம் வெளுத்த மாதிரி இருந்தது. சிவப்பு ஆரஞ்சாயிற்று. ஆரஞ்சு திட்டுத் திட்டாயிற்று. அந்தத் திட்டுகளுக்கு நடுவில் அவளுடைய சொந்த நிறம் வந்தது, பிறந்தபோது நான் பார்த்த அதே நிறம்.

எங்கள் ஊரில் ஒரு தோலைத் தேற்ற எத்தனை பேர் வேண்டும்! ஊற வைக்க, மயிர் எடுக்க, சீவ, உருட்ட, காய வைக்க, தேய்க்க. இங்கே யாரும் வேலை செய்யவில்லை. அவள் தூங்கினாள், சோறு வேண்டாம் என்று அடம்பிடித்தாள், தெருவில் விளையாடினாள். அவளுக்கே தெரியாமல் அடியிலிருந்து புதுத் தோல் தயாராகி மேலே வந்துகொண்டிருந்தது. இவ்வளவு வேலை தெரிந்த உடம்பு, கண்ணில் மட்டும் ஏன் ஆள் தெரியாமல் அடிக்கிறது? அதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை.

நகத்தில் சிவப்பு மிச்சமிருக்க, நகத்தோரத் தோல் முழுசாக வெளுத்ததும் போனோம். மகள் வழக்கம்போல் கன்னத்தில் அம்போடு வந்தாள். பென்சில் டப்பாவையும் மடியிலிருந்து இறக்கவில்லை.

டாக்டரம்மா எண்ணெய் விட்டார். கேமராவை வைத்தார்.

அதே கொண்டை ஊசிகள். என்னுடையதைவிடச் சின்னதாக, மெல்லிசாக. அதற்குள் அதே மணிகள், அவசரமாக, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் மாதிரி ஓடின. என் மகளை நான் நிறையத் தடவை தூங்கும்போது உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இது அதற்கும் உள்ளே. அவள் உயிரோடு இருப்பதையே நேராகப் பார்க்கிற மாதிரி இருந்தது. என் வீட்டுக்காரர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

டாக்டரம்மா பேசாமல் விரல் விரலாகப் போனார். ஒரு இடத்தில் நின்றார். ஒரு கொண்டை ஊசி மட்டும் முறுக்கிக்கொண்டு கிடந்தது.

"மேடம், இது வளைஞ்சிருக்குதே" என்று என் வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டது.

"ஆமா. உங்க விரல்லயும் ரெண்டு மூணு இப்படி இருந்துச்சு, நான்தான் சொல்லல. எல்லாருக்கும் இருக்கும். நான் தேடுறது வேற. குழாய் உப்பிப்போய் இருக்கா, ரத்தம் கசிஞ்சு திட்டா நிக்குதா, வரிசையில நடுநடுவுல காலியா இருக்கா, அதைத்தான் பாக்குறேன்."

எங்கள் மேஜையில் கோடு இருந்தால் குறை. இங்கே கோடு இல்லாவிட்டால்தான் குறை. அடுத்த விரலுக்குப் போனபோது நானும் திரையில் வெற்றிடத்தைத் தேடினேன். இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. சுண்டு விரல் வரைக்கும் ஊசிகள் நெருக்கமாக, வரிசை கலையாமல் நின்றன.

டாக்டரம்மா கேமராவை வைத்துவிட்டுப் பழைய ரிப்போர்ட்டுகளை இன்னொரு தடவை புரட்டினார்.

"நகத்தை மட்டும் வெச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன்மா. ஆனா ரத்தம் நல்லா இருக்கு, சிறுநீர் நல்லா இருக்கு, இதுவும் நல்லா இருக்கு. எல்லாத்தையும் சேத்துப் பாத்தா, இது கண்ணோட நின்னிருக்கு."

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சொல்ல முடியாது, கண்ணும் தலையில்தானே இருக்கிறது. வாரம் ஒரு ஊசி போட வேண்டும், அந்த வைத்தியம் நீளும், இடது கண் முழுசாகத் திரும்புமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, முந்தானையால் மூக்கைச் சிந்தினேன்.

அப்போதுதான் டாக்டரம்மா, "பாப்பா, இன்னா அது?" என்று கேட்டார்.

மகள் பென்சில் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். உள்ளே சிவப்பு அம்பு ஸ்டிக்கர்கள், ஒவ்வொன்றாக அழகாக வெட்டி அடுக்கியிருந்தன.

"வெரலுக்கு" என்றாள். "எல்லா வெரலும் டாமேஜ்னா ஒட்டணும் இல்ல? அதான் பத்தும் எடுத்துட்டு வந்தேன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "கிட்னிக்கு எங்க ஒட்டறதுன்னுதான் தெரியல" என்றாள்.

சமையலறையில் நாங்கள் கிசுகிசுத்தது அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கிறது. விழுந்து, அதை யாரிடமும் சொல்லாமல், பள்ளிக்கூடப் பையிலேயே தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். கழுகாம் கழுகு! இதை நான் பார்க்கவில்லையே.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிட்னிக்கு வேணாம். விரலுக்கும் வேணாம். கண்ணுக்கு மட்டும் போதும்."

"அப்போ இது?"

"வேஸ்ட்டுதான்."

மகளுக்கு வேஸ்ட் செய்வது பிடிக்காது, என் பிள்ளை அல்லவா! ஒன்றை உரித்தாள். தரையில் உட்கார்ந்திருந்த நைனாவின் வலது கையை இழுத்து, ஆள்காட்டி விரலில் நகத்தைப் பார்த்தபடி ஒட்டினாள்.

"இதுதான் மருதாணி வெச்ச வெரலு. டாமேஜ்."

டாக்டரம்மா சிரித்தார், நான் சிரித்தேன், அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பஸ்ஸில் அவள் அவர் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவர் அந்த விரலை எதிலும் படாமல் தனியாக நீட்டிக்கொண்டே வந்தார்.

மறுநாள் காலை ஷிப்டுக்குக் கிளம்ப வேண்டும். அம்பு நனையாமல் வலது கையை மேலே தூக்கிக்கொண்டே குளித்துவிட்டு வந்தார்.